வளைத்தால் பாடும் காந்தப் புலம்

நெல்லைச் சீமையில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. வீசுகோல் பட்டதும் நாணில் அதிர்வு ஓடுகிறது. நாணை இறுக்கிக் கட்டினால் அது விரைந்து ஓடும். நாண் கனமாக இருந்தால் வேகம் குறையும். அணுக்கரு இணைவு உலைக்குள் எழும் காந்த அலையும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

உலைக்குள் இருப்பது பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயு. அந்தத் துகள்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழல்கின்றன. அவற்றை விட்டு எளிதில் விலக முடியாது. ஒரு கோட்டைச் சற்று வளைத்தால் அதன் இழுவிசை அதை நிமிர்த்தப் பார்க்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்மாவின் நிறை அதைத் தாமதப்படுத்தும். இந்த இழுபறியில் கோட்டின் வழியே ஓர் அலை கிளம்புகிறது. இதுதான் ஆல்வேன் அலை. ஸ்வீடன் நாட்டு ஹான்னஸ் ஆல்வேன் 1942இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்; 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காந்தப் புலம் வலுத்தால் அலையின் வேகம் கூடும், அடர்த்தி மிகுந்தால் குறையும்.

கூடங்குளத்தில் யுரேனியம் பிளக்கப்படுகிறது. பிரான்சில் கட்டப்பட்டுவரும், இந்தியாவும் பங்கேற்கும் ஈட்டர் உலை இதற்கு நேர்மாறு: அங்கே ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியத்தையும் டிரிட்டியத்தையும் சுமார் 15 கோடி டிகிரி வெப்பத்தில் இணைக்க வேண்டும். இணையும்போது பிறக்கும் நியூட்ரான் வெளியே ஓடிவிடும். உடன் பிறக்கும் ஆல்ஃபா துகள், அதாவது ஹீலியம் அணுக்கரு, உள்ளே தங்கி, தன் ஆற்றலைக் கொடுத்துப் பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஆல்ஃபா பிறக்கும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். ஈட்டரில் ஆல்வேன் அலையின் வேகம் சுமார் 7,000 கிலோமீட்டர். மெல்ல வேகம் குறையும் ஆல்ஃபா, வழியில் அலையின் வேகத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். சரியான தாளத்தில் விழும் வீசுகோல் போல, அப்போது அது அலையை வளர்க்கிறது. ஆல்ஃபாக்கள் மையத்தில் நெருக்கமாகவும் விளிம்பில் அரிதாகவும் இருப்பதால் அலைக்குத் தீனி குறைவதில்லை. பதிலுக்கு அலை அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. சூடேற்ற வேண்டிய துகள் உலைச் சுவரில் போய் மோதுகிறது.

இத்தகைய அலை பிழைப்பதே கடினம் என்றுதான் தோன்றும். நேரான உருளையில் பிளாஸ்மாவின் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி அதிர்வெண். அடுக்குகள் ஒன்றோடொன்று தாளம் தப்பி, அலை விரைவில் சிதைந்துவிடும். ஆனால் உருளையின் இரு முனை வழியாகவும் துகள்கள் தப்பிவிடுமே! அதனால்தான் ஈட்டர் போன்ற டோகாமாக் வகை உலைகளில் அதை வளைத்து வளையமாக்கினார்கள். வளைத்ததும் புலம் உள்பக்கம் வலுவாகவும் வெளிப்பக்கம் மெலிந்தும் போனது. சுற்றிவரும் அலை இந்த ஏற்ற இறக்கத்தை மாறி மாறிச் சந்திக்கிறது. எதிரெதிரே போகும் அலைகள் பிணைகின்றன. அடுக்குகளின் அதிர்வெண் வரிசையில் ஓர் இடைவெளி திறக்கிறது. அந்த இடைவெளிக்குள் எழும் அலை எளிதில் சிதைவதில்லை. துகளை அடைக்கப் போட்ட வளைவே அலைக்கு ஒதுங்க இடம் கொடுத்துவிட்டது. இயற்பியல் செய்யும் குறும்பில் இதை முதல் வரிசையில் வைப்பேன். 1985இல் செங், சென், சான்ஸ் ஆகிய மூவர் இதை ஏட்டில் கண்டனர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க டோகாமாக்குகளில் அலை நேரிலேயே தென்பட்டது.

அலையைக் கண்டறியும் கருவி மிக எளியது: சுவரோரம் வைத்த கம்பிச்சுருள். புலம் நடுங்கினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். நொடிக்குப் பல்லாயிரம் முதல் சில லட்சம் அதிர்வுகள் வரை பதிவாகும்.

இதே குடும்பத்து அலைகள் பூமியின் காந்தவெளியிலும் உண்டு. நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம், காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள காந்தமானிகளில் சில நொடி முதல் சில நிமிடம் வரை நீளும் துடிப்புகள் பதிவாகின்றன. பகலில், தலைக்கு மேல் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் ஓடும் மின்னோட்டம் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும். இங்கே பூமியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா, ஈட்டரின் 5.3 டெஸ்லா அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல்.

தொல்லையாக வந்த அலையை உளவாளியாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அதன் அதிர்வெண், அடர்த்தியையும் புலக் கோடுகளின் முறுக்கையும் பொறுத்தது. எந்த வெப்பமானியையும் நுழைக்க முடியாத பிளாஸ்மாவின் நடுவில் முறுக்கு எப்படி மாறுகிறது என்பதை, சுருதி ஏறுவதைப் பார்த்தே இங்கிலாந்தில் இருந்த ஜெட் (JET) என்னும் டோகாமாக் உலையில் கணித்தார்கள்.