கொக்கோபீட் அல்ல, நார்ச்சோறு

மாடித்தோட்டக் கடைகளில் செங்கல் போல அழுத்தி விற்கும் பழுப்புக் கட்டியைக் 'கொக்கோபீட்' என்கிறோம். இந்தப் பெயரில் பாதி தவறு. 'பீட்' என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அரைகுறையாக மட்கி உண்டாவது. இதுவோ தேங்காய் மட்டையில் நார் பிரிக்கும்போது உதிரும் தூள். பீட்டுக்கு மாற்றாகத் தொட்டிச் செடிகளுக்கு வந்ததால் அதன் பெயரும் ஒட்டிக்கொண்டது.

'காயர் பித்' என்றும் சொல்கிறார்கள். 'காயர்' நம் பக்கத்துச் சொல்தான். மலையாளக் 'கயர்' போர்த்துகீசியர் வாயில் 'கைரோ' ஆகி, ஆங்கிலத்தில் 'காயர்' ஆனது. அந்தக் கயருக்கு உடன்பிறப்பு நம் கயிறு. 'ஆர்க்குங் கயிறு' என்று குறளிலேயே (482) இருக்கிறது.

தேங்காய் நாருக்குக் கொங்குப் பகுதியில் மஞ்சி, ஈழத்தில் தும்பு. தூளுக்கு அங்கே தும்புத்தூள். வேளாண் நூல்கள் 'தென்னை நார்க்கழிவு' என்கின்றன. அது ஆலைக்குத்தான் கழிவு, செடி வளர்ப்பவருக்கு அல்ல. கற்றாழைச் சோறு என்கிறோமே, அந்தச் சோறுதான் 'பித்'. மலையாளத்திலும் இது சகிரிச்சோறுதான். ஆகவே நார்ச்சோறு என்பதே பொருளைச் சரியாகச் சொல்லும்.

சோறு என்பதால் செடிக்கு உணவு என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீரையும் காற்றையும் பிடித்து வைக்கும் பஞ்சு அது. சத்து ஏறக்குறைய இல்லை. மட்காத நார்ச்சோற்றில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை அப்படியே மண்ணில் நிறையக் கலந்தால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி வெளிறிப்போகும்.

650 கிராம் கட்டி ஒன்று 3 முதல் 4 லிட்டர் தண்ணீரில் ஊறி, 8 லிட்டருக்கு மேல் விரியும். முதல் வேலை அதிலுள்ள உப்பை வெளியேற்றுவது. பிழிந்த நீரின் மின்கடத்துதிறன் (EC, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு) 0.5 mS/cm-க்குக் கீழே இறங்கும்வரை அலசுங்கள். அதன்பிறகும் துகள்களில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். வெறும் தண்ணீருக்கு அவை அசையா. லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தால், கால்சியம் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மறுநாள் ஒருமுறை அலசினால் போதும். இதைச் செய்யாமல் விட்டால், பின்னர் நாம் ஊற்றும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நார்ச்சோறே பிடித்துக்கொள்ளும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதற்கு இது ஒரு காரணம்.

மேற்பரப்பு வெளிறியதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் பலர் செய்யும் பிழை. இரண்டு அங்குலம் கீழே ஈரம் சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைத் தூக்கி எடையைக் கணியுங்கள். அதற்காகக் காயவும் விடக்கூடாது. காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், வேரைச் சுற்றி உப்பும் செறியும். ஊற்றுவதில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு அடித்துளை வழியே வடிய வேண்டும்: 2 லிட்டருக்கு 200 முதல் 400 மில்லி. வடிந்ததைத் தட்டில் தேங்கவிடாதீர்கள்.

உரத்தை வாரம் ஒருமுறை கெட்டியாகக் கொடுப்பதைவிட ஒவ்வொரு நீரிலும் மெல்லியதாகக் கொடுப்பதே நல்லது. வளர்ந்த தக்காளிக்கு லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), மறுநாள் 1 கிராம் கால்சியம் நைட்ரேட் என்று மாற்றி மாற்றி ஊற்றலாம். இரண்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைத்தால் கால்சியமும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். வாரம் ஒருமுறை லிட்டருக்கு 1 கிராம் மக்னீசியம் சல்பேட்டும், நுண்ணூட்டக் கலவையும் வேண்டும். கரைசலின் கார அமில நிலை (pH) 5.8 முதல் 6.2 வரை இருக்கட்டும். அதிகமானால் இரும்பு கிடைக்காமல் துளிர் மஞ்சளாகும்.

வடிநீரின் மின்கடத்துதிறன் ஊற்றும் நீரைவிட மிகக் கூடினால், உரத்தைப் பாதியாகக் குறைத்த கரைசலை வழக்கத்தைவிடத் தாராளமாக ஊற்றி, அந்த அளவு இறங்கும்வரை வடியவிடுங்கள்.