வீட்டுக்குள் ஆர்க்கிட்: நாட்களை எண்ணாதீர்கள், வேரைப் பாருங்கள்

முதல் ஆர்க்கிடை வாங்கியவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும்?" இதற்கு "வாரம் ஒருமுறை" என்று சட்டெனப் பதில் வந்தால் அதை நம்பாதீர்கள். ஒரே வீட்டில், ஒரே ஜன்னலோரத்தில், ஒரே செடி வறண்ட காற்றடிக்கும் நாட்களில் நான்கே நாளில் காய்ந்துவிடும். மழை மூட்டம் போட்டால் அதே செடி பன்னிரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். தொட்டி பெரிதா சிறிதா, உள்ளே இருப்பது மரப்பட்டையா ஸ்பாக்னம் என்ற பாசியா, அந்தப் பட்டை புதிதா பழையதா, அறையில் காற்று ஓடுகிறதா, இத்தனையும் சேர்ந்துதான் அந்த நாளை முடிவு செய்கின்றன.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ் பற்றி. அகலமான தடித்த இலைகள், வளைந்த தண்டில் வரிசையாகப் பூக்கள் என்று கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். புதியவர்களுக்கு ஏற்றதும் அதுவே. மற்ற வகைகளுக்கு எங்கே கணக்கு மாறும் என்பது பிறகு.

வேர் எப்படி வேலை செய்கிறது

ஃபெலனாப்சிஸ் ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுத் தாவரம். மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, பிடிமானத்துக்குத்தான் மரம். மழை பெய்யும்போது அதன் வேர்கள் முழுதாக நனையும், மழை விட்டதும் சில மணி நேரத்தில் காற்றிலேயே உலர்ந்துவிடும். மண் என்பதே அந்த வேருக்குத் தெரியாது. தோட்ட மண்ணில் நட்டால் இந்த ஆர்க்கிட் பிழைக்காததற்குக் காரணம் இதுதான்.

வேரின் மேல் வேலமென் என்ற உறை இருக்கிறது. இறந்துபோன செல்களாலான பல அடுக்கு. தண்ணீர் பட்டதும் பஞ்சு போல இழுத்து வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் உயிருள்ள பகுதிக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். உலர்ந்திருக்கும்போது அந்தச் செல்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறத்தில் தெரியும். நனைந்ததும் உறை ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளே உள்ள பச்சையம் வெளியே தெரிய, வேர் பச்சையாகிவிடும். ஆக, எப்போது தண்ணீர் வேண்டும் என்பதைச் செடியே நிறத்தால் சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்க முடிவதற்காகவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியை வாங்கச் சொல்கிறோம். அடியிலும் பக்கங்களிலும் நிறையத் துளைகள் இருக்க வேண்டும்.

வெளிச்சமே படாத ஆழத்தில் வளர்ந்த வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். அழுகிவிட்டது என்று அவசரப்பட்டு வெட்டாதீர்கள். விரலால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். நசுங்கி நீர் கசிந்தாலோ, மேலுறை உருவி வந்து நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினாலோ அது செத்த வேர்.

அழுகல் எங்கே தொடங்குகிறது

ஆர்க்கிட் வேரைக் கொல்வது தண்ணீர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் கொல்வது காற்றின்மை. வேரைத் தண்ணீரில் வைத்து வளர்த்தும் ஆரோக்கியமாக இருக்கும் ஆர்க்கிடுகள் உண்டு. தொட்டிக்குள் இருக்கும் இடைவெளிகளை நீர் நிரப்பி, அது வடியாமல் நாள்கணக்கில் நின்றால், ஆக்சிஜன் கிடைக்காமல் வேர்ச் செல்கள் இறக்கின்றன. அதன் பிறகுதான் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே வருகின்றன. அதனால் பூஞ்சைக்கொல்லி ஊற்றுவது மட்டும் வேர் அழுகலுக்குத் தீர்வாகாது. காற்று போக வழி செய்யாத வரை அழுகல் தொடரும்.

அடுத்து நடப்பதுதான் பெரும்பாலான செடிகளை முடித்துவைக்கிறது. வேர் செத்ததால் செடியால் நீரை இழுக்க முடியாது. இலைகள் தொய்ந்து சுருங்கும். பார்ப்பவருக்கு அது தாகமாகத் தெரியும். இன்னும் தண்ணீர் ஊற்றுவார். மிஞ்சியிருந்த நான்கு வேர்களும் போய்விடும். இலை சுருங்கினால் முதல் வேலை, தொட்டியை விட்டுச் செடியை வெளியே எடுத்து வேரைப் பார்ப்பது. வேரெல்லாம் வெள்ளியாக, கெட்டியாக இருந்தால் உண்மையிலேயே தாகம். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் நேரெதிர்.

இன்னொரு மறைவான காரணம் பலருக்குத் தெரிவதில்லை. பண்ணைகளில் ஆர்க்கிட் நாற்றுகளைச் சிறு பாசி உருண்டையிலோ பீட் எனும் மக்கிய தாவரக் கட்டியிலோ வளர்த்து, பிறகு அந்த உருண்டையோடே பெரிய தொட்டியில் வைத்து, சுற்றிலும் மரப்பட்டையை நிரப்பி விற்கிறார்கள். மேலே பட்டை காய்ந்து கிடக்கும். தண்டுக்கு நேர் கீழே அந்த உருண்டை மட்டும் சொதசொதவென்று இருக்கும். மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுபவர் ஏமாறுவது இங்கேதான். வாங்கிய செடி பூத்து முடிந்ததும் அதை ஒருமுறை பிரித்து, நடுவில் இருக்கும் உருண்டையைக் கையால் உதிர்த்து எடுத்துவிடுவது நல்லது. ஒட்டிக்கொண்டிருக்கும் இழைகளைப் பிய்த்து இழுக்க வேண்டாம், வேர் உறை கிழியும்.

அழகுக்காகச் சுற்றி வைக்கும் துளையில்லாத வெளித்தொட்டியும் அப்படித்தான். அதன் அடியில் ஒரு விரலளவு நீர் தேங்கி நின்றாலும் கீழ் வேர்கள் மூச்சடைத்துப்போகும். தண்ணீர் விடும்போது உள்தொட்டியை வெளியே எடுத்து, முழுக்க வடிந்த பிறகே திரும்ப வையுங்கள்.

தண்ணீர் விடும் நாளும் முறையும்

மூன்று சோதனைகள் உண்டு. குறைந்தது இரண்டு சோதனைகள் ஒத்துப்போனால் தண்ணீர் விடலாம். தொட்டிச் சுவரில் தெரியும் வேர்கள் பெரும்பாலும் வெள்ளியாக இருக்கின்றனவா, உட்சுவரில் நீர்த்துளி இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்; நனைத்த அன்று ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை தூக்கிப் பழகிவிட்டால் எடை வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும். மூன்றாவதாக, ஒரு மெல்லிய மரக்குச்சியை வேரைக் குத்தாமல் நடுப்பகுதி வரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி நிறம் கருத்தோ, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாகவோ இருந்தால் இன்னும் பொறுக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஃபெலனாப்சிஸ் இரண்டு மூன்று நாள் தாகத்தைத் தாங்கும்.

விடும் நாளில் கஞ்சத்தனம் கூடாது. கால் டம்ளர், அரை டம்ளர் என்று தெளித்தால் மேல்பட்டை மட்டும் நனைந்து, நீர் ஒரே தாரையில் ஓடிவிடும். 12 செ.மீ. தொட்டி என்றால் அறை வெப்பநிலையில் இருக்கும் நீரை அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, சுற்றிலும் மெதுவாக ஊற்றுங்கள். பிறகு பத்து, பதினைந்து நிமிடம் வடிய விடுங்கள். புதுப் பட்டை ஆரம்பத்தில் நீரை ஒட்டவே விடாது. அதனால் நடுவதற்கு முன் பட்டையை ஓர் இரவு ஊறவைப்பதும், முதல் சில வாரங்களுக்குத் தொட்டியையே மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை நீரில் பத்து நிமிடம் நிறுத்தி எடுப்பதும் பலன் தரும். ஒரு செடியை ஊறவைத்த நீரில் இன்னொன்றை வைக்காதீர்கள். நோய்க்கிருமி பரவ அதைவிட எளிய வழி இல்லை.

ஸ்பாக்னம் பாசியில் நட்ட செடிக்கு வேறு கணக்கு. பாசி பட்டையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மேல்பாசி தொட்டால் மொறுமொறுவென்று ஆன பிறகே தண்ணீர். பாசியை அழுத்தித் திணித்திருந்தால் நடுப்பகுதி காயவே காயாது, தளர்த்தி வையுங்கள்.

நேரம், காலை. இலைகள் சேரும் நடுக்குருத்தில் தேங்கிய நீர் பகலுக்குள் காய்ந்துவிட வேண்டும். இரவு முழுதும் அங்கே நீர் நின்றால் குருத்து அழுகும். ஃபெலனாப்சிஸுக்கு வளர்முனை ஒன்றே ஒன்றுதான். அது போனால் அடித்தண்டிலிருந்து பக்கக்கன்று வந்தால்தான் உண்டு. நீர் தேங்கியிருந்தால் காகிதக் கைக்குட்டையின் முனையை முறுக்கி உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஐஸ் கட்டி வைக்கும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. பட்டையில் வளரும் ஃபெலனாப்சிஸுக்கு அதனால் கெடுதல் இல்லை என்று 2017-இல் வெளியான அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. செடி செத்துவிடும் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனாலும் அந்த முறையில் நீர் தொட்டி வழியாக ஓடி, நீரிலும் உரத்திலுமிருந்து சேரும் உப்பைக் கழுவுவதில்லை. பல ஆண்டு வளர்க்க நினைப்பவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். இலைமேல் நீர் தெளிப்பதும் வேருக்கு விடும் தண்ணீருக்கு மாற்றாகாது.

நீரின் தரமும் உரமும்

நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டிடிஎஸ், லிட்டருக்கு 200 மி.கி.-க்குள் இருந்தால் கவலை இல்லை. 400, 500 என்று ஏறினால் சில மாதங்களில் பட்டையிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவம் தோன்றும், பச்சையாக வளரும் வேர்முனைகள் கருகி நிற்கும். மழைநீர் அருமையானது. ஆர்.ஓ. நீரும் நல்லதே, ஆனால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இருக்காது. அவை கலந்த உரத்தோடு பயன்படுத்துங்கள். உப்பு போட்டுக் கடினத்தன்மை நீக்கும் கருவியிலிருந்து வரும் நீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

20 சதவீதம் நைட்ரஜன் உள்ள 20-20-20 உரம் என்றால் லிட்டருக்கு அரை கிராம் போதும். அதிலேயே 100 மி.கி. நைட்ரஜன் இருக்கிறது. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் மண்ணில் வளரும் செடிகளுக்கானது. புது இலையோ வேரோ வளரும் மாதங்களில் ஒன்றுவிட்டு ஒரு தடவை தண்ணீரோடு கொடுக்கலாம். காய்ந்த வேரில் நேராக உரநீரை ஊற்றாமல் முதலில் வெறும் நீரால் நனைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை உரமில்லாத நீரை இரண்டு மடங்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

வெளிச்சம் குறைந்தால் தண்ணீர்க் கணக்கும் தவறும்

இருட்டு மூலையில் இருக்கும் செடி நீரை மெதுவாகத்தான் இழுக்கும், தொட்டி காயாது. ஃபெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும். கருவி இல்லையென்றால், நண்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விளிம்பு மங்கலான நிழல் விழுந்தால் சரி. கூர்மையான கறுப்பு நிழல் என்றால் வெயில் அதிகம், மெல்லிய திரை போடுங்கள். நிழலே இல்லையென்றால் ஜன்னலுக்கு அருகில் நகர்த்துங்கள். இலை கரும்பச்சையாக நீண்டு தொங்கினாலும் வெளிச்சம் போதாது என்றே பொருள்.

அழுகிய செடியை மீட்பது

கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, செத்த வேர்களை எல்லாம் வெட்டுங்கள். பழைய பட்டையைத் தூக்கி எறியுங்கள். செடியை நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, மிஞ்சிய வேர்கள் அடங்கும் அளவுக்கு மட்டும் சிறிய தொட்டியில், ஒன்று ஒன்றரை செ.மீ. பட்டைத் துண்டுகளில் நடுங்கள். "வேர் பரவட்டும்" என்று பெரிய தொட்டியில் வைத்தால் காயாத ஈரம் மறுபடி அதே கதையில் கொண்டுபோய் விடும். தண்ணீர் இரண்டு மூன்று நாள் கழித்து. இலவங்கப்பட்டைத் தூளை வேரெல்லாம் பூசும் பழக்கம் இருக்கிறது; அது நல்ல வேரையும் உலர்த்திவிடும். தண்டிலோ இலையிலோ உள்ள வெட்டுக்காயத்துக்கு மட்டும் வைக்கலாம். பூத்தண்டு இருந்தால், மனசு வராவிட்டாலும், வெட்டிவிடுங்கள்.

வேரே இல்லையென்றால் பிழிந்த ஈரப்பாசிமேல் அடித்தண்டு லேசாகத் தொடும்படி வைத்து, ஒளி புகும் பெட்டியில் மூடி, தினமும் சற்றுத் திறந்து காற்று விடுங்கள். புது வேர் தலைகாட்ட மாதங்கள் ஆகும். அதுவரை உரம் கிடையாது. சுருங்கிய பழைய இலைகள் முழுதாக நிமிராமல் போகலாம். புது வேர்முனை வந்தால் செடி பிழைத்தது.

நன்றாக இருக்கும் செடிக்கும் 18 முதல் 24 மாதங்களுக்கு ஒருமுறை பட்டையை மாற்ற வேண்டும். பட்டை மக்கிப் பொடியாகும்போது காற்றுப் பாதைகள் அடைபடும். அதுவரை சரியாக இருந்த தண்ணீர் அளவே அப்போது அதிகமாகிவிடும்.

மற்ற வகைகள்

கேட்லியாவும் பெரும்பாலான டென்ட்ரோபியங்களும் தடித்த தண்டுகளில் நீரைச் சேமிப்பவை. முழுதும் காய்ந்த பிறகே நனையுங்கள். ஒன்சிடியத்தின் வேர் மெல்லியது, அவ்வளவு காயவிடக் கூடாது. வளர்ந்து வரும் புது இலை விசிறி மடிப்பாகச் சுருங்கி வந்தால் நீர் பற்றவில்லை. பாஃபியோபெடிலத்தை எப்போதும் லேசான ஈரத்தில் வையுங்கள். கூடையில் வேர் தொங்கும் வாண்டாவுக்கு வெப்பமான நாட்களில் தினமும் தண்ணீர் வேண்டும். வீட்டுக்குள் முதல் செடியாக அதை எடுக்காதீர்கள்.

பூ

இரவு வெப்பநிலை சில வாரங்களுக்கு 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விடும். இலைக்கு அடியில் முளைப்பது வேரா தண்டா என்று குழப்பம் வரும். வேர்முனை உருண்டு வழவழப்பாக இருக்கும். பூத்தண்டின் நுனி சற்றே தட்டையாக, ஒருபக்கம் மடல் மூடியது போல் தெரியும். மொட்டு விட்ட பிறகு இடத்தை மாற்றாதீர்கள், ஏசி காற்று நேராகப் படவிடாதீர்கள், பழுக்கும் பழங்களின் அருகில் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயுவே மொட்டுகளை உதிர்த்துவிடும். எல்லாப் பூவும் உதிர்ந்த பின் தண்டு பச்சையாகவே இருந்து செடியும் திடமாக இருந்தால், கீழிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து இன்னொரு கிளை வரலாம். தண்டு காய்ந்திருந்தாலோ, இலைகள் மூன்றுக்கும் குறைவாக இருந்தாலோ அடியில் இரண்டு செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள்.