விரல் அனங்கினால் எல்லு ஒடியலைன்னு யார் சொன்னது?

இந்த மாதம் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த மூன்றாவது ஒடிந்த மணிக்கட்டு இது. முதல் இரண்டும் பைக்கில் இருந்து விழுந்தவை. மூன்றாவது, குலசேகரம் பக்கத்துப் பால்வெட்டுக்காரர், இருபத்தெட்டு வயது. ஐப்பசி மழையில் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போனவர், பாசிக் கல்லில் வழுக்கி வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். என்னிடம் வந்தது மாசியில், இலை உதிர்ந்து வெட்டு நின்ற பிறகு. அதுவரை அந்தக் கையாலேயே வெட்டியிருக்கிறார்.

"ஏன் இத்தனை நாள் வரல?"

"விரலெல்லாம் நல்லா அனங்கிச்சு சாரே. எல்லு ஒடிஞ்சிருந்தா அனங்குமா?"

அனங்கும். எலும்பு ஒடிந்திருந்தாலும் விரல் நல்லாவே அசையும். படித்தவர், படிக்காதவர் என்றில்லை, ஆசாரிமார், ஆசிரியைகள், ஒருமுறை ஒரு நர்ஸ்கூட இதையே கேட்டிருக்கிறார்.

விரலை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே உருள்வது தெரியும். அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு ஓடுகின்றன. கிணற்றுக் கப்பியில் கீறல் விழுந்தால் கயிறு ஓடாதா? ஓடும், வாளியும் மேலே வரும். கப்பி என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் கயிறு சொல்லாது. விரல் அசைந்தால் நாணும் நரம்பும் வேலை செய்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம்.

மறுபக்கமும் உண்டு. கத்தியோ கண்ணாடியோ விரலில் லேசாகக் கிழித்திருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு ஜோராக இருக்கும், ஆனால் விரல் நுனி மடங்காது. அது நாண் அறுந்த கை. மேல்தோலை மட்டும் தைத்துவிட்டுப் 'புண் ஆறட்டும், தானா மடங்கும்' என்று இருந்தால் அறுந்த முனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். சில நாட்களில் நேராகத் தைத்திருக்கக்கூடியதற்கு, மாதங்கள் கழித்து வேறு இடத்து நாணை எடுத்து ஒட்டுப்போட வேண்டி வரும்.

பால்வெட்டுக்காரருக்கு ஒடிந்திருந்தது ஸ்கேபாய்டு. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்று, பெருவிரல் பக்கம் இருப்பது. அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைத்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம்: கொஞ்சம் பெரிய அண்டிப்பருப்பு போல வளைந்திருக்கும். இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் ஒடிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கும். கோணல் தெரியாது, வீக்கமும் பெரிதாக இருக்காது. 'சுளுக்குதான்' என்று எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

எக்ஸ்ரேயும் ஏமாற்றும். முதல் நாள் படத்தில் கீறல் தெரியாமல் போகலாம். இங்கே என் சக மருத்துவர்களிடமும் கொஞ்சம் கோபம் உண்டு. சாதாரணமாக இரண்டு படம் எடுத்து 'ஒண்ணுமில்ல' என்று எழுதி அனுப்புவதற்கு முன், ஸ்கேபாய்டுக்கு உரிய கோணத்தில் எடுத்தால் என்ன? பெருவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டோரம் ஒரு குழி விழும். தாத்தாக்கள் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சுவார்களே, அதே குழி. விழுந்த கையில் அங்கே அழுத்தும்போது வலித்தால், படம் என்ன சொன்னாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அல்லது உடனே எம்ஆர்ஐ. இந்தத் தம்பியின் குழியில் என் விரலை வைத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் ஒரு வர்ம வைத்திய ஆசானிடம் போய் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டிருக்கிறார். நான் ஆசான்மாரைத் திட்ட வரவில்லை. என் அப்பாவின் பிடரிப் பிடிப்பு அப்படித்தான் சரியானது. ஆனால் இத்தனை சிறிய எலும்பின் உள்ளே போகிற கீறலை எந்த விரலாலும் கண்டுபிடிக்க முடியாது, என் விரலாலும்தான். ஒடிந்த எலும்பைத் தடவி உருட்டினால் கூடவும் செய்யாது.

எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, நான் போட்ட மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல் நுனி வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால், மரத்தால், விரலை யாராவது நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால், அன்று ராத்திரியே அவிழ்க்க வேண்டும். 'காலையில் பார்ப்போம்' என்று தூங்கினவர்களுக்குக் கை போயிருக்கிறது.

விழுந்த உடனே மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும், பிறகு பவுன் போச்சே என்று என்னிடம் அழக்கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். விரல் துண்டாகிப் போனால் அதை ஐஸுக்குள் நேராகப் போட்டுக் கொண்டுவராதீர்கள், உறைந்து செத்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து அண்ணன்மாரே, கெளுத்தி மீன் முள் குத்தி விரல் முழுதும் வீங்கி, மடங்கியபடி நின்று, நீட்டினால் துடித்தால் அது மறுநாள் வரை தாங்காது. பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு ஒடிந்த அம்மாமாருக்குக் கட்டுப் போட்டதோடு விடாதீர்கள், எலும்பு பலம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து ஒடிவது இடுப்பாக இருக்கலாம்.

ஐப்பசியிலேயே வந்திருந்தால் இரண்டு மூன்று மாத மாவுக்கட்டில் பெரும்பாலும் முடிந்திருக்கும். இப்போது இடுப்பெலும்பில் இருந்து கொஞ்சம் எடுத்து வைத்து, உள்ளே ஒரு ஸ்க்ரூ போட்டிருக்கிறோம். மூன்று மாதம் கத்தி தொடக்கூடாது என்றேன். மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை.

"மரத்துல மழைத்தண்ணி இறங்காம பிளாஸ்டிக் கெட்டுற நேரத்துல வெட்டலாமா சாரே?"

சிடி ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.