ஆடையா, கட்டியா?

மாடு கன்று ஈன்றால் முதல் சில நாள் பாலை எங்கள் வீட்டில் விற்பதில்லை. கன்று குடித்தது போக மீதியுள்ள சீம்பாலில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, ஏலக்காய் சேர்த்து, இட்லிக் கொப்பரையில் ஆவியில் வைப்பார் அம்மா. சற்று நேரத்தில் பால் இறுகிவிடும். கத்தியால் கீறினால் துண்டு துண்டாக எழும். வெட்டிய இடத்தில் பொடித் துளைகளும், அவற்றில் கசியும் மஞ்சள் நீரும் தெரியும். உறை ஊற்றவில்லை, புளிப்பும் சேர்க்கவில்லை. எல்லாம் சூடு செய்த வேலை. சீம்பாலில் நோயெதிர்ப்புப் புரதங்கள் மிகுதி. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது இறுகுவதுபோல அவையும் இறுகிக்கொள்கின்றன.

இந்தப் பண்டம் தெலுங்கில் ஜுன்னு, கன்னடத்தில் கிண்ணு. சீஸ் என்ற அயல்நாட்டுப் பொருளுக்குப் பெயர் தேவைப்பட்டபோது அவ்விரு மொழிகளும் வீட்டில் இருந்த இந்தப் பெயரையே அதற்கும் கொடுத்தன. தமிழும் மலையாளமும் அப்படிச் செய்யவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்லாக்கின. மலையாளத்தில் பால்க்கட்டி, தமிழில் பாலாடைக்கட்டி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதுவும் களியக்காவிளைப் பக்கம், இரு மொழியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். இரண்டு சொல்லையும் கேட்டு வளர்ந்த எனக்கு மலையாளச் சொல்தான் சரி என்று படுகிறது.

காரணம் பாலுக்குள் இருக்கிறது. பால் காயும்போது மேற்பரப்பில் நீர் ஆவியாகி, அங்குள்ள புரதமும் கொழுப்பும் உலர்ந்து ஒட்டிப் படலமாகின்றன. அதுதான் ஆடை. சீஸ் அப்படி மேலே படிவதில்லை. பால் முழுவதும் உள்ளிருந்தே கட்டியாகிறது. பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன். அது மிக நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர்மின்னேற்றம் கொண்ட மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றை ஒன்று நெருங்க விடுவதில்லை. பாலில் புளிப்பு ஏறினால் அந்த மின்னேற்றம் குறைந்து, உருண்டைகள் சேர்ந்துகொள்கின்றன. தயிர் உறைவதும், கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்ததும் திரிவதும் இதனால்தான். ஐரோப்பியர் இன்னொரு வழியையும் பிடித்துக்கொண்டார்கள். கன்றின் நான்காம் இரைப்பையில் ஊறும் ரென்னட் என்ற நொதி, அந்த இழைகளையே கத்தரித்துவிடும். பிறகு கேசீன் வலைபோலப் பின்னிக்கொள்ள, தெளிந்த நீர் வடிய, கட்டி மிஞ்சுகிறது. ஆடைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பாற்கட்டி என்று சொன்னாலே போதும்.

கேசீன் என்ற சொல்லுக்குள்ளும் சீஸ் ஒளிந்திருக்கிறது. லத்தீனில் சீஸ் 'காசெயுஸ்'. ஜெர்மன், டச்சு, ஆங்கிலம் பேசுவோரின் முன்னோரான பழைய ஜெர்மானியர் அதைக் கடன் வாங்கினார்கள். இன்று ஜெர்மனில் கேஸே, டச்சில் காஸ். ஸ்விட்சர்லாந்தின் ஜெர்மன் வட்டார வழக்கில் முதல் ஒலி தொண்டையை உரசிக்கொண்டு வரும். ஆனால் ஆங்கிலத்தில் சீஸ், அதற்கு நெருங்கிய உறவான, நெதர்லாந்தின் வடக்கே பேசும் ஃபிரீசிய மொழியில் ட்சீஸ். ககரம் ஏன் சகரமானது? 'கா' என்று சொல்லிவிட்டு 'கீ' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் நாக்கு அண்ணத்தின் முன்பக்கம் நகர்ந்து தொடும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் 'ச்' பிறந்துவிடும். நம் மொழிக் குடும்பத்திலும் இது நடந்திருக்கிறது: கன்னடத்தில் கிவி, தமிழில் செவி, அங்கே கிறு, இங்கே சிறு. எழுத்தில் 'அடித்தான்' என்பது பேச்சில் 'அடிச்சான்' ஆவதும் இதற்கு உறவுதான். இகரம் தன் பக்கத்து மெய்யை அண்ணத்தை நோக்கி இழுக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் ஃப்ரொமாஜ் வேறு கிளை. லத்தீனில் 'ஃபோர்மா' என்றால் அச்சு. அச்சில் வார்த்த சீஸ் என்ற தொடரில் சீஸ் உதிர்ந்து அச்சு மட்டும் நின்றுவிட்டது. இத்தாலியில் அது ஃபொர்மாஜ்ஜோ. பிரெஞ்சில் ரகரம் இடம் மாறிக்கொண்டது. தசை சதை ஆனதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய சொல் இத்தாலியை விட்டுப் போய்விடவில்லை. அங்கே காச்சோ என்றும் சொல்கிறார்கள். சார்டீனியத் தீவில் இன்றும் காசு.

போர்த்துக்கீசியர் சொல்லும் கேய்ஜு அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. கோட்டாற்றில் கோயில் கொண்டிருக்கும் சவேரியார் 1544இல் எங்கள் கடற்கரை ஊர்களில் நடந்த காலம் போர்த்துக்கீசியர் காலம். அவர்கள் விட்டுச்சென்ற சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. கேய்ஜு மட்டும் மலாய் மொழிக்குப் போய் 'கெஜு' என்று குடியேறிவிட்டது; இங்கே தங்கவில்லை. வெயிலும் ஈரமும் சேர்ந்த இந்த ஊரில், குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்காகப் பழுக்க வேண்டிய பண்டத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். பாலைக் காக்க எங்களுக்குத் தயிரும் மோரும் நெய்யும் இருந்தன.

நிலவறை தேவைப்படாத ஒன்று மட்டும் வடக்கிலிருந்து வந்து நிலைத்தது. பாரசீகத்தில் பனீர், துருக்கியில் பெய்னிர், ஆர்மேனியத்திலும் பனீர். தமிழுக்கு வந்தபோது அதைப் பலரும் பன்னீர் என்றே எழுதிவிட்டார்கள். கல்யாண வாசலில் செம்பில் வைத்துத் தெளிக்கும் பன்னீருக்கு ஏற்கெனவே சொந்தமான எழுத்து அது. இன்று அதே மண்டபத்தில் வாசலில் ஒரு பன்னீர், பந்தியில் ஒரு பன்னீர். வாசலில் இருப்பது பனிநீர், பந்தியில் இருப்பது பாற்கட்டி.