22,000 பொட்டலங்களில் ஒன்று தொலைந்தால்

ஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆய்வுத் தரவு அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் வளாகத்தின் உள்வலையமைப்பைக் கடக்கிறது. பின்னர் ஜெர்மனியின் தேசிய ஆய்வு வலையமைப்பான டிஎஃப்என், ஐரோப்பா முழுவதையும் இணைக்கும் ஜியான்ட், அட்லாண்டிக் கடலடி வடம், அமெரிக்காவின் இன்டர்நெட்2, ஒரு மாநில வலையமைப்பு ஆகியவற்றைத் தாண்டி, இறுதியில் மற்றொரு வளாகத்துக்குள் நுழைகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிர்வாகமும் பொறியாளர்களும் கண்காணிப்புத் திரைகளும் உண்டு. சில நிமிடங்களில் போய்ச் சேர வேண்டிய கோப்பு நாள்கணக்கில் இழுத்தடிக்கும்போது, ஒவ்வொரு தரப்பும் தன் பகுதியில் பழுதில்லை என்று பதில் சொல்கிறது. தன் கருவிகள் காட்டிய அளவில் அந்தப் பதில் உண்மையும்கூட. அப்படியானால் வேகம் எங்கே போனது?

விடை, தரவைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும் டிசிபி என்னும் இணைய நெறிமுறை இயங்கும் விதத்தில் இருக்கிறது. அனுப்பும் கணினி, மறுமுனையிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை வருவதற்குள் ஒரு குறிப்பிட்ட அளவுத் தரவை வழியில் மிதக்க விடுகிறது. போய்த் திரும்ப 100 மில்லிநொடி ஆகும் பாதையில், விநாடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தை முழுமையாகப் பயன்படுத்த, எந்நேரமும் 125 மெகாபைட் தரவு வழியில் இருந்தாக வேண்டும். ஒரு பொட்டலம் தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று கருதும் டிசிபி தன் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பிறகு போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொட்டலம் வீதம் மெல்ல ஏற்றுகிறது. 1,460 பைட் பொட்டலங்களைக் கொண்டு பழைய டிசிபி முறைப்படி கணக்கிட்டால், இழந்த வேகத்தை மீட்க 42,000-க்கும் மேற்பட்ட சுற்றுகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான காலம் தேவைப்படும். போய்வரும் நேரம் 1 மில்லிநொடியாக உள்ள அண்டைப் பாதையிலோ, அதே இழப்பிலிருந்து அரை விநாடிக்குள் மீண்டுவிடலாம். பிற்காலத்தில் வந்த டிசிபி வகைகள் இதைவிட விரைவாக எழுந்து நின்றாலும், தொலைவு கூடக்கூட இழப்பின் தண்டனை கடுமையாகிறது என்ற நிலைமை மாறவில்லை.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட்டில் நேர்ந்த ஒரு பழுது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 10 ஜிகாபிட் ரவுட்டர் ஒன்றின் இணைப்பு அட்டை, 22,000 பொட்டலங்களுக்கு ஒன்று வீதம் தவறவிட்டுக்கொண்டிருந்தது. விழுக்காட்டில் சொன்னால் சுமார் 0.0045. ரவுட்டரின் சொந்தப் பிழைக் கண்காணிப்பு இதைப் பதிவு செய்யவே இல்லை. அந்த இடத்தில் நேரடியாகத் தொலைந்த தரவும் மிகச் சொற்பம்தான். ஆனால் டிசிபியின் வேகத்துக்கும் இழப்புக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் 1997-ஆம் ஆண்டின் மேத்திஸ் சமன்பாட்டில் இந்த எண்ணை இட்டுப் பாருங்கள். 1 மில்லிநொடிப் பாதையில் விநாடிக்குச் சுமார் 1.7 ஜிகாபிட் கிடைக்கும். 100 மில்லிநொடிப் பாதையில் அது 17 மெகாபிட்டாகச் சுருங்கும். முழு வேகத்தில் 13 நிமிடங்களில் முடிய வேண்டிய ஒரு டெராபைட் கோப்புக்கு ஐந்து நாட்களுக்கு மேல் பிடிக்கும்.

அந்தப் பழுதைக் காட்டிக்கொடுத்தது ஓவாம்ப் என்னும் அளவீட்டுக் கருவி. அதன் நெறிமுறை 2006-இல் தரப்படுத்தப்பட்டது. இது வரிசை எண்ணும் நேர முத்திரையும் இட்ட சிறு பொட்டலங்களை, வழக்கமாக விநாடிக்குப் பத்து வீதம், இரவு பகல் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் 8,64,000 பொட்டலங்கள் ஆகின்றன. மேற்சொன்ன வீதத்தில் இழப்பு இருந்தால் சுமார் 39 எண்கள் மறுமுனைக்கு வராமல் போகும். இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை போய்வரும் மொத்த நேரத்தை மட்டும் சொல்ல, ஓவாம்ப் போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியே அளக்கிறது. இரண்டும் வெவ்வேறு வடங்களில் அமைவது ஆய்வு வலையமைப்புகளில் அபூர்வமல்ல என்பதால், இந்தப் பிரிப்பு மிகவும் பயனுள்ளது. இதற்கு இரு முனைக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று சில மில்லிநொடி பிசகினாலும், குறுகிய பாதையில், பொட்டலம் புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்ததாக எதிர்மறைத் தாமதம் பதிவாகும்.

ஓவாம்ப் உள்ளிட்ட கருவிகளை ஒன்றாகத் தொகுத்துத் தருவது பெர்ஃப்சோனார். ஈஎஸ்நெட், ஜியான்ட், இன்டர்நெட்2, இண்டியானா, மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் முதலியவை கூட்டாக உருவாக்கிய இந்தத் திறந்தமூல மென்பொருள், உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவீட்டு முனையங்களில் இயங்குகிறது. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னின் துகள் மோதுவியின் தரவைப் பகிர்ந்துகொள்ளும் கணினி மையங்கள் இதைப் பரவலாக நிறுவியுள்ளன. வேகச் சோதனை முழு இணைப்பையும் நிரப்பக்கூடியது என்பதால், இரு முனைகளும் பொதுவான நேரத்தை ஒதுக்கி, வேறு சோதனையுடன் மோதாமல் நடத்துவதற்கான நேர ஒழுங்கமைப்பும் இதில் அடங்கும்.

இந்த ஏற்பாட்டில் நான் பெரிதும் மதிப்பது, முனையங்கள் வலையமைப்புகளின் எல்லைகளிலேயே வைக்கப்படுவதைத்தான். பாதையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே சோதித்தால், தொலைவு குறைவாக இருப்பதால் எல்லாத் துண்டுகளும் நலமாகவே தோன்றும். ஆகவே அனுபவமுள்ள பொறியாளர் தொலைமுனை ஒன்றிலிருந்து தொடங்கி, சோதனையை எல்லைக்கு எல்லை நீட்டிக்கொண்டே வருவார். எந்த எல்லையைத் தாண்டியதும் வேகம் சட்டென விழுகிறதோ, அதற்கும் முந்தைய எல்லைக்கும் இடையில்தான் பழுது. அது அழுக்கேறிய கண்ணாடி இழை முனையாக இருக்கலாம். பொட்டலங்களைப் பிரித்தனுப்பும், நினைவகம் போதாத ஸ்விட்சாகவோ, உள்ளே வரும் தரவைச் சோதிக்கும் வளாக ஃபயர்வாலாகவோ இருக்கலாம்.

சேமித்து வைத்த பழைய அளவீடுகளும் நிறையப் பேசும். ஒருவழித் தாமதம் நாளின் பரபரப்பான நேரங்களில் மட்டும் ஏறி இறங்கினால், எங்கோ நெரிசலில் பொட்டலங்களின் வரிசை நீள்கிறது என்று கொள்ளலாம். திடீரென 20 மில்லிநொடி கூடி அப்படியே நிலைத்துவிட்டால், பெரும்பாலும் பாதையே மாறியிருக்கும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்வதால், பொட்டலங்கள் சுமார் 4,000 கிலோமீட்டர் சுற்றிப் போகின்றன என்று கணித்துவிடலாம். அதே நாளில் பதிவான, பொட்டலங்கள் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் வழித்தடச் சோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வலையமைப்பு வழியை மாற்றியது என்பதும், யாருடைய பொறியாளரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.