வெள்ளத்தில் மீட்ட நாய் ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது?

“ரொம்ப சாது டாக்டர். வந்து நாலு நாளாச்சு, ஒரு தடவைகூடக் குரைக்கல.”

மீட்பு முகாமிலிருந்து நாயைத் தத்தெடுத்தவர்கள் முதல் பரிசோதனைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் மேஜைமேல் நிற்கும் நாயைப் பார்ப்பேன். காது பின்னால் ஒட்டிக் கிடக்கும். வால் வயிற்றுக்கடியில் சுருண்டிருக்கும். புழுக்கமே இல்லாத அறையில் மூச்சு இரைக்கும், சும்மா சும்மா உதட்டை நக்கும். ஊசி போட்டால்கூடத் திரும்பிப் பார்க்காது. ஊசிக்கு முறைக்கிற நாயைவிட, இப்படி மரத்துப்போய் நிற்கிற நாய்தான் எனக்குக் கவலை தரும்.

பயந்த நாய் ஓடலாம், கடிக்கலாம். இரண்டுக்கும் வழியில்லை என்று தெரிந்தால் அப்படியே உறைந்துபோகும். நாம் அதைச் சாது என்று நினைத்துக் கொஞ்சுகிறோம், மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறோம், சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்துக் காட்டுகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் அந்த உறைநிலை இளகும். அப்போது உறுமும், கதவைப் பிறாண்டும், தனியாக விட்டால் ஊளையிடும். “நல்லாத்தான் இருந்தது, திடீர்னு கெட்டுப்போச்சு” என்று திருப்பி அனுப்புகிறவர்கள் என் அனுபவத்தில் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். உண்மையில் அந்த நாய் அப்போதுதான் வாயைத் திறந்து தன் பிரச்சினையைச் சொல்லவே ஆரம்பித்திருக்கிறது.

பேரிடர் நாயின் பயம் எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்பதற்கு நூறு வருடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மணியடித்தால் எச்சில் ஊறும் நாய் என்றதும் நினைவுக்கு வருவாரே ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், அவருடைய ஆய்வுக்கூட நாய்கள்தான். 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வெள்ளம் வந்தபோது கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஊழியர்கள் நாய்களை நீந்த வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். உடம்பில் பெரிய காயம் இல்லை. ஆனால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் பழக்கியிருந்த பழக்கங்கள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. பொறுமையாக மறுபடி பழக்கி, ஒரு நாய் ஓரளவு தேறிய பிறகு, அது இருந்த அறைக்குள் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் பழையபடி கலைந்துவிட்டது.

இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம் என்னிடம் வந்த ஒரு பழுப்பு நாய். மூன்று வயது இருக்கும். வெள்ளத்தின்போது இரண்டு நாள் ஒரு கூரைமேல் இருந்ததாக மீட்டவர்கள் சொன்னார்கள். புது வீட்டில் அதற்குப் பஞ்சு மெத்தை வாங்கித் தரையில் போட்டார்கள். அது மெத்தையை மோந்துகூடப் பார்க்கவில்லை. சோபாவின் முதுகில் ஏறி நிற்கும், சாப்பாட்டு மேஜையில் ஏறும், ஒன்றும் கிடைக்காவிட்டால் மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டே தூங்கி வழியும். அடம் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கீழே இறக்கியிருக்கிறார்கள். கூரைமேல் ஏறியதால் உயிர் பிழைத்த நாய் அது. அதைக் கீழே இறக்குவது அதன் கணக்கில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதைத் தத்தெடுத்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

சுவரோரமாக ஒரு பழைய கட்டிலைப் போட்டு அதை நாய்க்கென்றே விட்டார்கள். மூன்றாவது நாள் அதில் படுத்தது. முன்னங்காலை மடக்கி, எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருக்கிற படுக்கைதான், ஆனாலும் படுத்தது. ஒருக்களித்துக் காலை நீட்டிப் படுக்க இன்னும் ஐந்து வாரம் ஆனது. நான் வீட்டுக்காரர்களைக் கவனிக்கச் சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். வாலாட்டுவதைவிட, எப்படிப் படுக்கிறது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிடுகிறதா என்பவை நம்பகமான அளவுகோல்.

அடுத்த சிக்கல் குளியலறை. வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டாலே நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். “பழகட்டும்” என்று அதை உள்ளே இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பயத்துக்குள்ளேயே தள்ளிப் பயத்தைப் போக்கும் இந்த முறைக்கு உளவியலில் ‘ஃப்ளடிங்’ என்று பெயர். வெள்ளத்தில் மூழ்கடிப்பது என்று அர்த்தம்! வெள்ளத்தில் தப்பிய நாய்க்கு மறுபடி ஒரு வெள்ளம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. நாய் வீட்டின் மறுகோடியில் இருக்க, குளியலறைக் கதவை மூடிக்கொண்டு குழாயை நூல் மாதிரி திறப்பது. சத்தம் கேட்டு அதன் காது நிமிர்ந்த அடுத்த நொடி ஒரு துண்டு வேகவைத்த கோழி. குழாயை மூடினால் கோழியும் நின்றுவிடும். வரிசை மாறக்கூடாது, சத்தம் முதலில், தீனி அப்புறம். தீனியை முதலில் காட்டினால் தீனியே ஆபத்தின் அறிகுறி ஆகிவிடும், அப்புறம் அதையும் சாப்பிடாது. நாய் வாங்கித் தின்ன மறுத்தால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், ஒரு படி பின்வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

மற்றபடி வீட்டில் செய்ய வேண்டியது சுவாரசியமே இல்லாத வேலை. ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே வழியில் நடை, ஒரே மூலையில் படுக்கை. முதல் சில வாரம் விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், அது மறைந்திருக்கும் இடத்திலிருந்து இழுக்க வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்த தடவை எச்சரிக்காமலேயே கடிக்கும். வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டை மட்டும் போதாது, மார்புப்பட்டையும் சேர்த்து இரண்டு கயிறு. பின்னால் இழுத்துக் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிய நாய்களைத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தத்தெடுத்த நாய் புது வீட்டுக்குப் படிப்படியாகப் பழக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பேரிடர் நாய்க்கு அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோர்ந்து படுத்திருப்பதெல்லாம் மனசுதான் என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், அதிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். இரண்டு வாரம் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே வாருங்கள். அது மனிதருக்கும் தொற்றும் என்பதால் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்குப் பாசத்தில் வயிறு முட்டப் போடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. கொசு பரப்பும் இதயப்புழு, பரிசோதனையில் தெரியவே சுமார் ஆறு மாதம் ஆகும். முதல் தடவை இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தடுப்பூசி போடுங்கள். நாய் உங்களைக் கடித்துவிட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் நாளே தோலுக்கடியில் மைக்ரோசிப் (சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்கிறேன். பெரும்பாலும் 15 இலக்க எண், கருவியைத் தோளுக்கு நடுவில் ஓட்டினால் தெரிந்துவிடும். 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நாய்கள் தூரத்து மாநிலங்களுக்குத் தத்துப் போயின. பழைய சொந்தக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தபோது சில வழக்குகள் நீதிமன்றம்வரை போனது. புது வீட்டில் யாருக்காகவோ கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கு உண்மையிலேயே ஒருவர் காத்திருக்கலாம்.

ஆறேழு வாரம் ஆகியும் சாப்பாடு, தூக்கம் எதுவும் சீராகாவிட்டால் மருந்து தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளுவாக்செட்டின் போன்றவை வேலை செய்யவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பழக்கும் வேலையும் கூடவே நடக்க வேண்டும். நீங்களாக உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பழுப்பு நாய்க்கு மருந்து தேவைப்படவில்லை. நான்காவது மாதம், வீட்டில் யாரோ குழாயைத் திறந்த சத்தம் கேட்டதும் கட்டிலைவிட்டு இறங்கி நேராக அந்த அம்மாவிடம் வந்து கையை மோந்ததாம், கோழி எங்கே என்று. பலத்த மழை பெய்யும் இரவில் இன்றும் மாடிப்படி உச்சிக்குத்தான் போகிறது. யாரும் இறக்குவதில்லை. அங்கேயும் ஒரு போர்வை போட்டு வைத்திருக்கிறார்கள்.