தெர்மோகோலுக்குள் ஒரு கான்கிரீட் சுவர்

கனடாவிலும் அமெரிக்காவிலும் சில வீடுகளின் கான்கிரீட் சுவருக்குப் பலகை அடிப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. நடுவில் வெற்றிடம் விட்ட தெர்மோகோல் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட்டை ஊற்றிவிடுகிறார்கள். கட்டி அப்படியே சுவரில் தங்கிவிடும். ஊற்றும்போது அது அச்சு, பிறகு வெப்பக் காப்பு. ஐசிஎஃப் (இன்சுலேட்டிங் கான்கிரீட் ஃபார்ம்) எனப்படும் இந்த முறைக்கு வெர்னர் கிரிகோரி என்ற கனடா ஒப்பந்ததாரர் 1966-இல் காப்புரிமை கோரினார்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஆர் மதிப்பை, அதாவது சுவர் வெப்பத்தைத் தடுக்கும் திறனை. கட்டிக்குக் கட்டி அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் என்று மொத்தம் 5 அங்குலத் தெர்மோகோல். அங்குலத்துக்கு ஏறக்குறைய 4 வீதம் 20-ஐ ஒட்டி வரும். நடுவிலுள்ள 6 அங்குலக் கான்கிரீட்டின் பங்கு அதில் வெறும் 0.5. கான்கிரீட்டைத் தடிமனாக்கினால் வீடு கதகதப்பாகும் என்பது விற்பனைப் பேச்சு. 8 அங்குலம் தேவைப்படுவது பெரும்பாலும் மண் தள்ளும் நிலவறைச் சுவருக்குத்தான்.

பார்க்க வேண்டியது இரு பக்கத் தெர்மோகோலையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் டையை. ஈரக் கான்கிரீட் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் தள்ளும், ஆனால் 2.4 மடங்கு பலத்தோடு. 1.2 மீட்டர் உயரம் ஊற்றினால் அடியில் சதுர மீட்டருக்கு 2,900 கிலோ அழுத்தம். கட்டியின் உயரம் 16 அங்குலம், டைகளின் இடைவெளி 8 அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 240 கிலோவைத் தாங்க வேண்டும்; 6 அங்குல இடைவெளியில் அது 180-க்குள் இறங்கிவிடும். மூன்று மீட்டர் உயரச் சுவரை ஒரே மூச்சில் ஊற்றினால் 8 அங்குல இடைவெளி டை மீது சுமார் 595 கிலோ! மணிக்கு 1.2 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது இதனால்தான். கட்டி வெடிப்பது பெரும்பாலும் மூலையிலும், ஜன்னலுக்காக அறுத்ததில் டை போய்விட்ட இடத்திலும். அங்கே ஊற்றுவதற்கு முன்பே பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். டையின் வெளிமுனைப் பட்டையையும் கவனியுங்கள். பின்னால் ஜிப்சம் பலகைக்கான திருகு ஏறப் போவது அதில்தான். அது கட்டியின் முழு உயரத்துக்கும் ஓடாவிட்டால் பலகை அடிப்பவர் திட்டுவார்.

உட்புற வடிவத்தில் தட்டையான இடைவெளி உள்ளதே நல்லது. வாஃபிள் போலக் குழிவிட்ட வகையில் கான்கிரீட் குறையும். மெலிந்த இடங்களில் ஜல்லி சிக்கி வெற்றிடம் விழும் அபாயம் கூடும். அச்சைப் பிரிக்காததால் தேன்கூடு எனப்படும் இந்த வெற்றிடம் விழுந்ததே கண்ணுக்குத் தெரியாது. 6 அங்குலச் சுவருக்கு 10 மி.மீ. ஜல்லி, 125 முதல் 150 மி.மீ. ஸ்லம்ப் (கூம்பு அச்சை எடுத்ததும் ஈரக் கான்கிரீட் சரியும் அளவு), ஒல்லியான வைப்ரேட்டர். ஜன்னல் சட்டத்தின் அடிப்பலகையில் திறப்பு விட்டு அங்கிருந்தும் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னலுக்குக் கீழே காலியாக நின்றுவிடும்.

40-க்கு 30 அடி வீட்டின் 9 அடி உயர வெளிச்சுவர் 1,260 சதுர அடி. 48-க்கு 16 அங்குலக் கட்டி 237 வேண்டும். சேதாரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். 6 அங்குலத்துக்குக் கான்கிரீட் சுமார் 18 கன மீட்டர், கதவு ஜன்னல் கழிக்காமல்.

தெர்மோகோலே வேண்டாம் என்றால் மரச்சீவலைச் சிமென்ட்டில் பிணைத்த கட்டிகள் இருக்கின்றன. எளிதில் தீப்பிடிக்காது, கனம் அதிகம், காப்பு குறைவு. தெர்மோகோல் எரியும், எரிந்தால் நச்சுப்புகை. ஆகவே வீட்டுக்குள் அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடியே ஆக வேண்டும். மண்ணுக்குக் கீழே வேறு தொல்லை. பெட்ரோலியக் கரைப்பான் கலந்த தாரைப் பூசினால் தெர்மோகோல் உருகிக் குழைந்துவிடும். தண்ணீர் கலவைப் பூச்சோ ஒட்டும் படலமோதான் சரி. கரையான் தெர்மோகோலைத் தின்பதில்லை, ஆனால் அதற்குள் சுரங்கம் போட்டு யார் கண்ணிலும் படாமல் கூரை மரம் வரை ஏறிவிடும். ஃபுளோரிடா, ஜார்ஜியா போன்ற கரையான் மிகுந்த மாநிலங்களின் கட்டட விதிகள் மண்ணுக்குள் தெர்மோகோலைக் கட்டுப்படுத்துவது அதற்காகத்தான்.